53 யூரோவுக்கும் 2,600 யூரோவுக்கும் நடுவே ஒரு வக்கீல்

சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "டியோர், கூச்சி, ஹெர்மெஸ் மாதிரி ஆடம்பர ஃபேஷன் கம்பெனிகளில் ஜெனரல் கவுன்சல் என்று ஒருவர், அதாவது கம்பெனியின் சட்டத் துறைத் தலைவர், இருக்கிறாரே, அவருக்கு உண்மையில் என்ன வேலை? டூப்ளிகேட் பை விற்கிறவர்களைப் பிடிப்பதுதானா? நம்ம ஊர் எல்எல்.பி.யை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போக முடியுமா?"

டூப்ளிகேட் பிடிப்பது அந்த வேலையில் ஒரு மூலை. வர்த்தக முத்திரை வழக்குகளில் பிராண்டுகள் தரப்பில் சில வருடம் அலைந்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் இரண்டு எண்கள். 2024 ஜூனில் மிலன் நீதிமன்றம், டியோரின் இத்தாலியத் தயாரிப்புப் பிரிவு ஒன்றை ஓராண்டுக்கு நீதிமன்ற நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தது. அப்போது வெளியே வந்த கணக்கு: ஒரு கைப்பையைச் செய்து கொடுத்த பட்டறைக்குப் போனது 53 யூரோ. தோல் போன்ற மூலப்பொருள் செலவு தனி. கடையில் அந்தப் பையின் விலை 2,600 யூரோ.

நடுவில் இருப்பது என்ன? தோல், கடை வாடகை, விளம்பரம், சம்பளம் எல்லாம் உண்டு. ஆனால் பெரும்பங்கு பெயருக்கு. அந்தப் பெயரைச் சொத்து என்று ஆக்கியது சட்டம். ஆகவே ஜெனரல் கவுன்சலின் வேலை என்ன என்று கேட்டால், அந்த இடைவெளிக்குக் காவல் இருப்பது என்றுதான் சொல்வேன். சிமென்ட் கம்பெனி வக்கீலுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு கிடையாது. பெயர் கெட்டாலும் மூட்டைக்குள் சிமென்ட் இருக்கும்.

மிலன் விவகாரத்தையே கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நகரைச் சுற்றியிருந்த, சீனர்கள் நடத்திய சின்னப் பட்டறைகள் அவை. தொழிலாளர்கள் அங்கேயே தூங்கி, எழுந்து, மறுபடி மெஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலை வேகமாக நடக்க மெஷின்களின் பாதுகாப்புக் கருவிகளைக் கழற்றி வைத்திருக்கிறார்கள். ராத்திரியும் விடுமுறை நாளிலும் வேலை நடந்ததை விசாரணை அதிகாரிகள் எதை வைத்துக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? மின்சாரப் பயன்பாட்டுக் கணக்கை வைத்து. கரன்ட் மீட்டரே சாட்சி சொல்லிவிட்டது.

டியோர் மீது குற்றச்சாட்டு எதுவும் சுமத்தப்படவில்லை. ஒப்பந்தக்காரர்களிடம் நிஜத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கத் தவறியது என்பதுதான் குறை. இத்தாலியின் மாஃபியா தடுப்புச் சட்டத்தில் உள்ள ஏற்பாடு ஒன்றை இதற்கு எடுத்துக்கொண்டார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு அர்மானியின் ஒரு பிரிவு இதே வழியில் மாட்டியது. 2025இல் வாலண்டினோவின் பை தயாரிக்கும் பிரிவும் லோரோ பியானாவும் வரிசையில் சேர்ந்தன. டியோர் மீதான நிர்வாகம் 2025 பிப்ரவரியில், காலம் முடியும் முன்பே விலக்கப்பட்டது.

இந்த மாதிரிக் கம்பெனிகளின் சப்ளை ஒப்பந்தங்களில் நன்னடத்தை விதிகள் பல பக்கங்களுக்கு இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் சப்ளையர் கையெழுத்துப் போட்டிருப்பார். எழுதியவர் சட்டத் துறை ஆள். ஆனால் 53 யூரோ என்ற விலையை முடிவு செய்தவர் தயாரிப்புப் பிரிவு ஆள், அது வேறு மாடி. இந்தக் கூலியில் சட்டப்படி சம்பளம், ஓவர்டைம், இன்ஷூரன்ஸ் எல்லாம் கொடுத்து ஒரு பை தைக்க முடியுமா என்று ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்தக் கணக்கைக் கேட்கும் தைரியமும் அதைக் கேட்கும் அதிகாரமும் சட்டத் தலைவருக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பல இடங்களில் இல்லை என்பது என் அனுமானம்.

இப்போது டூப்ளிகேட் பக்கம் வருவோம். பிராண்டு ஒன்று நீதிமன்றத்துக்குப் போய், "யார் விற்கிறார்கள் என்று தெரியவில்லை, ஆனால் விற்கிறார்கள்" என்று சொல்லி உத்தரவு வாங்கும். எதிர்மனுதாரர் பெயர் தெரியாததால் இந்தியாவில் 'அசோக் குமார்' என்று போடும் வழக்கம் உண்டு. நாட்டில் இருக்கும் உண்மையான அசோக் குமார்கள் பாவம்.

அப்படி ஓர் உத்தரவோடு பாரிமுனைப் பக்கம் ஒரு மாடிக் குடோனுக்கு நீதிமன்றம் நியமித்த ஆணையரோடு போயிருந்தேன். 'ஃபர்ஸ்ட் காப்பி' பைகள், முந்நூற்றுச் சொச்சம். கடைக்காரர் கோபப்படவில்லை. எங்களுக்கும் சேர்த்து டீ சொன்னார், நாங்கள் எண்ண எண்ண அவரும் கூடவே எண்ணினார், கணக்கு தப்பிவிடக் கூடாது என்று. வெளிநாட்டிலிருந்து பிராண்டின் சட்டத் தலைவர் போனில் வந்தார். எத்தனை பை என்று கேட்பார் என நினைத்தேன். அந்த அம்மா கேட்டது இதுதான்: "ஜிப்பின் பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா? போட்டோ எடுத்து அனுப்புங்கள்." அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்து, ஐந்து பைகளைத் தனியாக சீல் வைக்கச் சொன்னார். அந்த ஐந்தில் இருந்த ஜிப், அவர்களுடைய சொந்த சப்ளையருக்கு மட்டும் போகும் சரக்கு. ஓட்டை உள்ளே இருந்தது. பாரிமுனைக்காரர் மேல் வழக்கு வழக்கம்போல் நடந்தது. ஆனால் உண்மையான கடிதம் போனது அவர்கள் சப்ளையருக்கு.

சிவப்பு அடிப்பாகம் கதை உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள். கிறிஸ்டியன் லூபுட்டான் தன் செருப்புகளின் அடிப்பாகத்துச் சிவப்பைத் தன் முத்திரை என்று சொல்லி 2011இல் ஈவ் சான் லோரான் மீது நியூயார்க்கில் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றத்தில் முத்திரையே செல்லுமா என்ற நிலை வந்துவிட்டது. 2012இல் மேல்முறையீட்டில் தப்பியது: மேல்பாகம் வேறு நிறமாக இருந்தால் மட்டும் சிவப்பு அடி லூபுட்டானுக்குச் சொந்தம். சான் லோரான் விற்றது முழுக்கச் சிவப்பான செருப்பு, அது போகலாம். இரண்டு தரப்பும் ஜெயித்தோம் என்று அறிக்கை விட்டன. நான் லூபுட்டான் நாற்காலியில் இருந்திருந்தால் அந்த வழக்குக்கு முன் ரெண்டு ராத்திரி தூங்கியிருக்க மாட்டேன். வழக்குப் போடுவது என்றால், இருக்கிற முத்திரையையே பந்தயத்தில் வைப்பது.

நோட்டீஸ் அனுப்பாமல் இருப்பதும் ஒரு திறமை. 2012இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி மாணவர்கள் ஃபேஷன் சட்டக் கருத்தரங்கு ஒன்றுக்குப் போஸ்டர் அடித்தார்கள். லூயி விட்டானின் மோனோகிராம் மாதிரியே டிசைன், ஆனால் பூவும் எழுத்தும் இருக்க வேண்டிய இடத்தில் பதிப்புரிமைக் குறியும் (©) டிரேட்மார்க் குறியும் (TM). நல்ல கிண்டல். லூயி விட்டான் தரப்பிலிருந்து நிறுத்தச் சொல்லிக் கடிதம் போனது. பல்கலைக்கழகத்தின் சொந்த வக்கீல் உட்கார்ந்து, இது ஏன் அத்துமீறல் ஆகாது என்று பத்தி பத்தியாகப் பதில் எழுதினார். கருத்தரங்கு நடந்தது. போஸ்டரை அதுவரை பார்க்காதவர்களும் பார்த்தார்கள். சட்ட மாணவர்களுக்குச் சட்ட நோட்டீஸ் அனுப்பும் யோசனை யாருக்கு வந்ததோ!

சும்மா இருந்தும் மாட்டலாம். அமெரிக்க ஃபேஷன் டிசைனர் தாம் பிரவுன் தன் உடைகளில் மூன்று பட்டை போட்டபோது 2007இல் அடிடாஸ் ஆட்சேபித்தது. அவர் நான்காவது பட்டையைச் சேர்த்துக்கொண்டார். அதன் பிறகு அடிடாஸ் பல வருடம் வாயைத் திறக்கவில்லை. அவர் விளையாட்டு உடைப் பக்கம் வளர்ந்ததும் 2021இல் வழக்கு. 2023 ஜனவரியில் நியூயார்க் ஜூரி தாம் பிரவுன் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அடுத்தது விலை. ஆடம்பரப் பிராண்டுக்குத் தள்ளுபடி என்றாலே வயிறு கலங்கும். எந்தக் கடையில், எந்த இணையதளத்தில் தன் சரக்கு இருக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்த ஐரோப்பாவில் ஓரளவு இடம் உண்டு. அழகுசாதனக் கம்பெனியான கோட்டியின் வழக்கில் 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம், தன் விற்பனையாளர்கள் வேறு நிறுவனங்களின் ஆன்லைன் சந்தைகளில் வெளிப்படையாக விற்கக் கூடாது என்று ஆடம்பரப் பிராண்டு நிபந்தனை போடலாம் என்றது. ஆனால் எங்கே விற்கலாம் என்று சொல்வது வேறு, என்ன விலைக்கு விற்க வேண்டும் என்று சொல்வது வேறு. இந்தக் கோட்டைத் தாண்டியதற்காக 2025 அக்டோபரில் ஐரோப்பிய ஆணையம் கூச்சி, க்ளோயே, லோவே மூன்றுக்கும் சேர்த்து 15.7 கோடி யூரோ அபராதம் போட்டது. கூச்சியின் பங்கு மட்டும் 11.97 கோடி. கடைக்காரர்கள் எவ்வளவு தள்ளுபடி தரலாம், எப்போது சேல் போடலாம் என்பதில் தலையிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. இப்படித் தலையிடுவது பெரும்பாலும் விற்பனைப் பிரிவு ஆள் சாதாரணமாக அனுப்பும் மெயிலில்தான். ஒப்பந்தத்தைச் சட்டத் துறை எவ்வளவு சுத்தமாக எழுதி வைத்திருந்தாலும் அந்த மெயில் அதைத் தின்றுவிடும்.

மெயில் என்றதும் டேபஸ்ட்ரி ஞாபகம் வருகிறது. கோச், கேட் ஸ்பேட் பிராண்டுகளின் உரிமையாளரான டேபஸ்ட்ரி, மைக்கேல் கோர்ஸின் உரிமையாளரான காப்ரியை 850 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக 2023 ஆகஸ்டில் அறிவித்தது. அமெரிக்க வர்த்தக ஆணையம் தடுத்தது. 'கைக்கெட்டும் ஆடம்பரம்' என்று ஒரு கைப்பைச் சந்தை இருக்கிறது, அதில் இந்த மூன்றும்தான் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன, ஒரே கைக்குப் போனால் விலை ஏறும் என்பது ஆணையத்தின் வாதம். அப்படி ஒரு தனிச் சந்தையே கிடையாது என்றது கம்பெனி. ஆனால் அந்தச் சொல்லை ஆணையம் கண்டுபிடிக்கவில்லை. கம்பெனிகள் தங்கள் அறிக்கைகளிலும் உள் ஆவணங்களிலும் வருடக்கணக்கில் புழங்கிய சொல் அது. 2024 அக்டோபரில் நீதிபதி தடையாணை கொடுத்தார், நவம்பரில் ஒப்பந்தம் முறிந்தது. காப்ரியிடம் இருந்த வெர்சாச்சியைப் பிற்பாடு பிராடா வாங்கிக்கொண்டது.

மார்க்கெட்டிங் ஆட்கள் ஸ்லைடில் போடும் ஒரு அழகான சொல், ஐந்து வருடம் கழித்து நீதிமன்றத்தில் 850 கோடி டாலரைக் கவிழ்க்கும். இதை முன்கூட்டியே யோசித்து மீட்டிங்கில் எரிச்சலூட்டும் ஆளாக இருப்பதற்குத்தான் சட்டத் தலைவருக்குச் சம்பளம்.

கம்பெனி வாங்கல் விற்றலில் நல்லதும் நடக்கும். 2019 நவம்பரில், டியோர், லூயி விட்டான் பிராண்டுகளின் உரிமையாளரான எல்விஎம்எச், அமெரிக்க நகைக் கம்பெனியான டிஃபனியைப் பங்குக்கு 135 டாலர் என்று பேசி முடித்தது. கோவிட் வந்தது. 2020 செப்டம்பரில் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சரின் கடிதம் ஒன்றைக் காட்டி, இப்போது முடிக்க இயலாது என்றது. டிஃபனி அன்றே அமெரிக்காவின் டெலவேர் மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. அன்றே என்பதைக் கவனியுங்கள், மனு தயாராக இருந்திருக்கிறது. அக்டோபரில் 131.50 டாலருக்கு சமரசம். பங்குக்கு மூன்றரை டாலர் விட்டுக்கொடுத்து முழுக் கல்யாணத்தையும் காப்பாற்றினார்கள்.

இனி, நீங்கள் கேட்காத, ஆனால் உங்களுக்கு மிகவும் தேவையான விஷயம். கம்பெனி வக்கீலிடம் சொல்வது ரகசியமா?

கூச்சி 2009இல் கெஸ் என்ற அமெரிக்க உடை நிறுவனத்தின் மீது டிசைன் காப்பி என்று வழக்குப் போட்டது. வழக்கு நடக்கும்போது கெஸ் தரப்பு ஒன்றைக் கண்டுபிடித்தது: கூச்சியின் அமெரிக்கக் கிளையில் பல வருடமாகச் சட்ட வேலை பார்த்தவர், கலிஃபோர்னியா பார் கவுன்சிலில் தன் பதிவைச் செயலில் இல்லாத நிலையில் வைத்திருந்தார். அதாவது தொழில் செய்யும் உரிமை நடப்பில் இல்லை. அப்படியானால் அவரோடு நடந்த கடிதப் போக்குவரத்து வக்கீல்-கட்சிக்காரர் ரகசியம் ஆகாது, எடுத்துக் கொடுங்கள் என்றது கெஸ். மாஜிஸ்திரேட் நீதிபதி சரி என்றுவிட்டார். 2011 ஜனவரியில் மாவட்ட நீதிபதி அதை மாற்றினார்: கூச்சி அவரை வக்கீல் என்று நியாயமாக நம்பியிருந்தது, அது போதும். கூச்சி தப்பியது. ஆனால் நடுவில் அந்தச் சில மாதங்கள் எப்படி இருந்திருக்கும்! ஒரு சந்தாப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் போட்டோம் என்பதில் கம்பெனியின் ரகசியம் தொங்கியது.

ஐரோப்பாவில் அந்தப் பாக்கியமும் இல்லை. அக்ஸோ நோபல் என்ற ரசாயனக் கம்பெனியின் வழக்கில் 2010இல் ஐரோப்பிய நீதிமன்றம், ஐரோப்பிய ஆணையத்தின் போட்டிச் சட்ட (வியாபாரப் போட்டியைக் கெடுப்பதைத் தடுக்கும் சட்டம்) விசாரணையில் கம்பெனிச் சம்பளக்கார வக்கீலின் ஆலோசனைக்குப் பாதுகாப்பு கிடையாது என்று தீர்த்துவிட்டது. சம்பளம் வாங்குகிறவர் சுயேச்சையாக இருக்க முடியாது என்பது காரணம். ஃபேஷன் கம்பெனிகளில் விடியற்காலை ரெய்டு வரும்போது, "இப்படிச் செய்தால் அபராதம் வரும்" என்று நீங்கள் எச்சரித்து எழுதிய குறிப்பே, தெரிந்துதான் செய்தார்கள் என்பதற்குச் சாட்சியாகப் போகலாம். அதனால் அங்கே அனுபவசாலிகள் சில விஷயங்களை வெளி வக்கீல் மூலம்தான் எழுத்தில் கொண்டுவருவார்கள்.

நம் நாட்டிலும் அதே திசைதான். முழுநேரச் சம்பளத்துக்குப் போகும் வக்கீல் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துத் தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது விதி. 2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம், கம்பெனியின் உள் வக்கீல் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 132ஆம் பிரிவு வக்கீல்-கட்சிக்காரர் ரகசியத்துக்குத் தரும் பாதுகாப்பைக் கோர முடியாது, 134ஆம் பிரிவின்கீழ் சட்ட ஆலோசகர் என்ற அளவில் குறைவான ஒரு பாதுகாப்பு உண்டு என்றது. இந்தத் தீர்ப்பைக் கட்டாயம் படியுங்கள்.

கோலாப்புரி செருப்பு விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன், நம் பக்கத்துச் சம்பந்தம் இருப்பதால். 2025 ஜூனில் மிலனில் நடந்த ஆண்கள் உடைக் காட்சியில் பிராடா மாடல்கள் போட்டு நடந்தது அச்சு அசல் கோலாப்புரி. குறிப்பில் 'தோல் செருப்பு' என்று மட்டும் இருந்தது. மகாராஷ்டிரத்துக்கும் கர்நாடகத்துக்கும் சேர்த்து 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பொருள் அது. பதிவானது சென்னை கிண்டியில் இருக்கும் பதிவகத்தில்தான். எதிர்ப்பு கிளம்பியதும், இந்தியக் கைவினையால் ஈர்க்கப்பட்டது என்று பிராடா ஒப்புக்கொண்டது.

சட்டப்படி பார்த்தால் பிராடாவின் நிலை பலமானது. புவிசார் குறியீடு முக்கியமாகக் காப்பது பெயரை, வார் பின்னும் முறையை அல்ல. பிராடா அந்தப் பெயரைப் போடவே இல்லை. மும்பை உயர்நீதிமன்றத்தில் சில வக்கீல்கள் போட்ட பொதுநல வழக்கும் ஜூலையில் தள்ளுபடி ஆனது. குறியீட்டைப் பதிவு செய்தவர்கள் வரட்டும், உங்களுக்கு என்ன உரிமை என்று கேட்டுவிட்டார்கள். ஆக வழக்கில் ஜெயம். ஆனாலும் டிசம்பரில் பிராடா இரு மாநிலத் தோல் வளர்ச்சிக் கழகங்களோடு ஒப்பந்தம் போட்டது: அங்கே உள்ள கைவினைஞர்களை வைத்து 2,000 ஜோடி, ஒன்று சுமார் 800 யூரோவுக்கு. ஜெயித்த கட்சி ஏன் ஒப்பந்தம் போடுகிறது? தொடக்கத்தில் சொன்ன இடைவெளி ஞாபகம் இருக்கிறதா? "காப்பியடித்தான்" என்ற பேச்சு அதைத்தான் அரிக்கும். காட்சிக்கு மூன்று மாதம் முன்பு டிசைன் அறையில் சட்டத் துறை ஆள் ஒருவர் நின்று, "இதற்கு ஊர்ப் பெயர் இருக்கிறது, போட்டுவிடலாம், அவர்களிடமே செய்யச் சொல்லலாம்" என்று சொல்லியிருந்தால் இதே ஒப்பந்தம் மாலை மரியாதையோடு முடிந்திருக்கும்.

நீங்கள் அங்கே போக முடியுமா? நேராக மிலனுக்கோ பாரிஸுக்கோ போவது கஷ்டம், பிரெஞ்சோ இத்தாலியனோ வேண்டும், அந்த ஊர்ச் சட்டமும் வேண்டும். பிராண்டுகளுக்கு வேலை செய்யும் டெல்லி, மும்பை அறிவுசார் சொத்துரிமை அலுவலகங்கள் வழியாகப் போவதுதான் நடைமுறைப் பாதை. இந்திய ஆடம்பரப் பிராண்டுகளும் பெரிய கைகளுக்குப் போகின்றன. சப்யசாச்சி என்ற ஃபேஷன் பிராண்டின் 51 சதவீதத்தை ஆதித்ய பிர்லா 398 கோடி ரூபாய்க்கு வாங்கியதாக அறிவித்தது 2021 ஜனவரியில். அங்கெல்லாம் ஆள் தேவைப்படும். வக்கீலாகப் போய் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தவரும் உண்டு. டொமெனிகோ டி சோலே வாஷிங்டனில் வரி வக்கீலாக இருந்து கூச்சி குடும்பத்துக்கு வேலை பார்த்தவர். பிறகு கூச்சியின் தலைமைக்கே வந்து, 1999இல் எல்விஎம்எச் கம்பெனியை விழுங்க வந்தபோது ஊழியர்களுக்கென்று புதுப் பங்குகளை வெளியிட்டு வழியை மறித்தார்.

வர்த்தக முத்திரைச் சட்டத்தை எல்லோரும் படிப்பார்கள். நீங்கள் போட்டிச் சட்டத்தையும் தொழிலாளர் சட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள். அப்புறம் லீவில் ஒரு நாள் ஆம்பூருக்கோ ராணிப்பேட்டைக்கோ போய், வெளிநாட்டுப் பிராண்டுக்குச் செருப்போ தோலோ அனுப்பும் தொழிற்சாலை ஒன்றில் தெரிந்தவர் மூலம் நுழைந்து பாருங்கள். பிராண்டு அனுப்பிய ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். வேலையை வெளியே ஜாப் ஒர்க்குக்கு விடக் கூடாது என்ற வரி எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று தேடுங்கள். பிறகு கீழே இறங்கிப் போய், ஆர்டர் நெருக்கடியில் மேல்பாகம் தைப்பதை யாரிடம் கொடுப்பீர்கள் என்று சூப்பர்வைசர் அண்ணனிடம் கேளுங்கள்.